பம்பரம் செய்த சதுரங்கக் கடிகாரம்

அந்த வீட்டு மருமகளுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் பம்பரம். அவள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தவர் யாரும் கிடையாது. தொலைபேசியில் பேச ஆரம்பித்தால் கூடம், சமையலறை, மாடிப்படி என்று நடந்துகொண்டே இருப்பாள். அப்படி நடந்து நடந்து சிமெண்டுத் தரையில் பள்ளம் விழுந்து, மழை நாளில் அதில் தண்ணீர் தேங்கி, தவளைச் சத்தத்தால் தூக்கம் போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். நம்புகிறவர்கள் நம்பலாம். ஆனால் வயலின், தையல், சுருக்கெழுத்து என்று தொட்டதையெல்லாம் அவள் பாதியில் விட்டது கலப்படமில்லாத உண்மை. தையல் இயந்திரத்தின் மேல் பூந்தொட்டி ஏறிவிட்டது. வயலின் பெட்டியில் மாமனாரின் மழைக்கோட்டு இருந்தது.

அப்படிப்பட்டவள் கைபேசிக்கு நிரல், அதாவது புரோகிராம், எழுதக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, கணவன் செய்தித்தாளைத் தாழ்த்தக்கூட இல்லை.

"கத்துக்கோ. விட்டதும் சொல்லு. அந்தக் கம்ப்யூட்டர் மேல என் ஷூவை வெச்சுக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது.

கைபேசிகள் அரைச் செங்கல் கனத்தில், பொத்தான்களும் தீப்பெட்டி அகலத் திரையுமாக இருந்த காலம் அது. மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன நிறுவனம் அவற்றுக்கு விளையாட்டுகள் எழுதி விற்றது. வேலை கேட்டுப் போன அவளிடம் அதன் முதலாளி, "சர்டிஃபிகேட் எல்லாம் வேணாம்மா. நீங்களே எழுதின ஒரு அப்ளிகேஷன், நிஜ ஃபோன்ல ஓடணும். மாசக் கடைசிக்குள்ள கொண்டாங்க, சீட் உங்களுக்கு" என்று சொல்லியிருந்தார். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். ஒன்றையாவது கடைசிவரை முடித்தாள் என்ற பேர் அதைவிட அதிகமாக வேண்டும்.

எதை எழுதுவது என்று வெளியே தேடவேண்டியிருக்கவில்லை. அடுத்த தெருவில் இருந்த அவள் அப்பா தினமும் சாயங்காலம் வந்து மாமனாரோடு சதுரங்கம் ஆடுவார். அப்பா ஒரு குதிரையை நகர்த்துவதற்குள் மாமனாருக்குத் தாடி முளைத்து, மழித்து, மறுபடி முளைத்துவிடும். "சம்பந்தி, தூங்கிட்டீங்களா?" "யோசிக்கறேன் சம்பந்தி, உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை." தினமும் இதே பேச்சு.

ஆகவே ஒரு சதுரங்கக் கடிகாரம். இருவருக்கும் சமமான நேரம். அப்பா காயை நகர்த்தி ஒன்றாம் எண்ணை அமுக்கினால் அவர் நேரம் நின்று மாமனாருடையது ஓடும். மாமனார் மூன்றை அமுக்கினால் அப்பாவுடையது ஓடும். யார் நேரம் முதலில் தீர்ந்ததோ அவருக்குத் தோல்வி.

இரவல் வாங்கிய தடிப் புத்தகத்தைக் கையில் பிடித்து நடந்துகொண்டே படித்தாள், நின்றுகொண்டே தட்டச்சு செய்தாள். கணினித் திரையில் ஒரு பொய்க் கைபேசியின் படம் வரும். எழுதியதை முதலில் அதில் ஓட்டிப் பார்க்கவேண்டும். அதில் கடிகாரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. கேபிள் போட்டுக் கணவனின் நிஜக் கைபேசிக்கு மாற்றினாள். அங்கேயும் ஓடியது. சந்தோஷத்தில் வீட்டைச் சுற்றி அவளும் ஓடினாள்.

முதல் ஆட்டம். அப்பாவின் நேரம் கரைந்து அடிமட்டத்துக்கு வந்த வேளையில் கைபேசி அலறியது. அம்மா. அப்பா பாய்ந்து எடுத்தார்.

"ம்... எந்த சோப்பு?... பச்சையா, மஞ்சளா?... இரு, யோசிச்சுச் சொல்றேன்."

கண் பலகையில்தான் இருந்தது. பேசி முடித்து வைத்தபோது அருமையான ஒரு நகர்வு அவருக்குக் கிடைத்திருந்தது. கடிகாரமோ அழைப்பு வந்த நொடியிலேயே உறைந்து நின்றது. அப்பா ஜெயித்தார். மறுநாளும் அதே மணிக்கு, அவர் நெருக்கடியில் மாட்டிய சமயம் பார்த்து அழைப்பு வந்தது. அதற்கு மறுநாளும். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் அப்பாவிடம் அபிப்பிராயம் கேட்டறியாத அம்மாவுக்குத் திடீரென்று சோப்பின் நிறத்தில் அத்தனை சந்தேகம்.

மாமனார் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"கடிகாரம் நல்லாத்தான் ஓடுதும்மா. பொறந்த வீட்டுப் பக்கம் கொஞ்சம் சாஞ்சு ஓடுது, அவ்வளவுதான்."

"தோத்தா ஒத்துக்கணும் சம்பந்தி. என் பொண்ணு மேல பழி போடாதீங்க."

"பொண்ணை யார் சொன்னா? ஃபோனைச் சொல்றேன். உங்க வீட்டம்மாவையும் சேர்த்துச் சொல்றேன்."

பம்பரத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. கைபேசிக்கென்று ஒரு நிரல் எழுதி, அந்தக் கைபேசிக்கு அழைப்பு வரும் என்பதையே மறந்திருக்கிறாள்! பொய்க் கைபேசியை யார் கூப்பிடப் போகிறார்கள்? அதனால் அது அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

புத்தகத்தைப் புரட்டினாள். அழைப்பு வந்தால் கைபேசி முன்கூட்டியே நிரலுக்குத் தகவல் சொல்லும் என்று போட்டிருந்தது. தகவல் வந்ததும் செய்யவேண்டியதை எழுதி வைத்துக் காத்திருந்தாள். தகவலாவது, ஒன்றாவது! பேருந்துக் கூட்டத்தில் முழங்கையால் இடிப்பதுபோல் அழைப்பு வந்து நிரலை ஓரமாகத் தள்ளியது. நொடி எண்ணிக்கை அங்கேயே நின்றது. அப்படி மாற்றினாள், இப்படி மாற்றினாள். மாதம் முடிய நாலைந்து நாள்தான். பல் துலக்கியபடி தெருமுனை வரை போய்விட்டு நுரையோடு திரும்பி வந்தாள். விட்டுவிடலாம் என்று ஒரு மனம் கூப்பிட்டது, பழகிய குரல்.

"ஷூவுக்குப் பாலிஷ் போட்டாச்சு" என்றான் கணவன்.

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். எழுதியதை மறுபடி ஓட்டப் பொத்தானை அமுக்கினாள். அந்தக் கணினி மூச்சு வாங்கித் தயாராவதற்குள் ஒரு வாளித் துணியை உலர்த்திவிடலாம். அப்படியே உலர்த்தப் போய்விட்டு வந்தாள்.

"எவ்வளவு நேரமா இது சுத்திட்டே இருக்கு?" திரையைக் காட்டிக் கேட்டான் கணவன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "கால் மணி நேரமா."

"நீ இங்க இருக்கவே இல்லையே. உட்கார்ந்து எண்ணினியா?"

"எதுக்கு எண்ணணும்? போகும்போது மணி பார்த்தேன், வந்ததும் பார்த்தேன், கழிச்சா..."

ஈரத் துண்டு கையில் இருக்க, அப்படியே நின்றாள்.

இத்தனை நாளும் அவள் நிரலை உட்காரவைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடி எண்ண விட்டிருந்தாள். தன்னால் ஒரு நிமிடம் ஆகாத காரியத்தை அந்த ஏழை நிரலிடம் அதிகாரம் பண்ணி வாங்கியிருக்கிறாள்! ஓரமாகத் தள்ளினால் எண்ணிக்கை விட்டுப்போகத்தானே செய்யும்? எண்ணவே வேண்டாம். பொத்தானை அமுக்கிய மணியைக் குறித்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். திரும்பி வந்ததும் கைபேசிக்குள் இருக்கும் மணியைப் பார்த்துக் கழித்துக்கொள்ளட்டும். அந்த மணி எந்த அழைப்புக்கும் நிற்பதில்லை.

மறுநாள் சாயங்காலம் வழக்கமான நெருக்கடியில் வழக்கமான அழைப்பு வந்தது. அப்பா சாவகாசமாகச் சோப்பைப் பற்றி விசாரித்தார், வாளியைப் பற்றியும் விசாரித்தார். வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தால் அவர் பக்கம் பூஜ்யம்.

"என்னது இது?"

"உங்க நேரம் முடிஞ்சுதுப்பா."

"நான் பேசிட்டு இல்ல இருந்தேன்!"

"ஆமா. அதான் முடிஞ்சுது."

"பெத்த அப்பனுக்கேவா?"

மாமனார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காய்களை அடுக்கினார். "பச்சையா, மஞ்சளா சம்பந்தி? நானும் ஒண்ணு வாங்கணும்."

மாதக் கடைசி நாள் மெத்தைக் கடை மாடியேறினாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது அவளுக்குத் தெரியாது. முதலாளி நிரலைத் தன் கைபேசியில் ஏற்றி ஓடவிட்டு, மேசைத் தொலைபேசியிலிருந்து தன்னையே கூப்பிட்டுக்கொண்டார். எடுத்து, தனக்குத்தானே "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்து, மெதுவாக வைத்தார். கடிகாரம் ஒரு நொடி பிசகவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். "இங்க வர்ற பாதிப் பேர் இந்த இடத்துலதான் விழறாங்க. ஃபோன் கால் வரும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"எங்கப்பா சார்."

"புரோகிராமரா?"

"இல்ல சார், திருடர். ஆட்டத்துல மட்டும்."

முதலாளி சிரித்த சிரிப்பில் கீழே மெத்தைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "திங்கட்கிழமை வந்துடுங்க. அந்த ஜன்னலோர சீட் உங்களுது."

அவள் அதைக் கேட்டாளா என்பதே சந்தேகம். அவருடைய கைபேசியையே முறைத்துக்கொண்டிருந்தாள். அதன் திரை அவள் வீட்டுக் கைபேசியைவிடக் குறுகல்.

"சார், கடைசி எண் பாதிதான் தெரியுது."

"அதான் திங்கட்கிழமை பார்த்துக்கலாமே."

"திங்கட்கிழமை வரைக்குமா? கேபிள் எங்க சார்?"

தோள்பை தோளிலேயே தொங்க, அவள் ஜன்னலோரக் கணினியில் தட்ட ஆரம்பித்தாள். உட்காரட்டுமே என்று முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். நடக்க இடம் பற்றாது என்று அவள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.