நெய்மீனோடு வந்த டிஸ்க்

லீமா குவைத்துக்குத் திரும்பிய செவ்வாய்க்கிழமை காலையில், புதுக்கடை ஊரின் மாடிக் கடையில் ஷைஜா வழக்கம்போல ஹார்ட் டிஸ்குகளை நலம் விசாரித்துக்கொண்டிருந்தாள். பழுதுக்கு வந்த கணினிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, சூடு எவ்வளவு, கெட்ட இடங்கள் நேற்றைவிடக் கூடியிருக்கின்றனவா என்று பார்ப்பாள். கூடியிருந்தால் உடனே போன். "ஓடுதுண்ணு நம்பாதீங்க. கெட்ட இடத்துக்க எண்ணம் ஏறுது. புதுசு வாங்குங்க." ஊரில் பலர் அவள் அழைப்பை எடுக்கமாட்டார்கள். "காலம்பறயே துக்கம் சொல்ல வந்துட்டா."

கீழே கார் நிற்க, லீமா மூச்சிரைக்க மாடியேறி வந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். உள்ளே ஒரு டிஸ்க். கை விறைத்தது. மீன் வாடை.

"ஏட்டி, இது என்ன கோலம்?"

"டக்கு டக்குண்ணு சத்தம் வந்திச்சுக்கா. கெட்டுப் போயிரப்பிடாதுண்ணு ஐஸ் பெட்டியில வச்சேன்."

"சாளை மீனுக்க கூடயா?"

"நெய்மீனுக்க கூட. சாளைய ஆரு ஐஸ்ல வைப்பா?"

ஷைஜா சிரித்துவிட்டாள். லீமா சிரிக்கவில்லை. அப்பா மரியஜானின் அடக்கத்துக்கு வந்தவள் அவள். முற்றத்தில் மீன் தூக்க வந்த பருந்தை அவர் ஏசி விரட்டுகிற சின்ன வீடியோ ஒன்று அந்த டிஸ்கில் இருந்தது. அதை எடுத்த போன் கடலோடு போயிற்று; வேறு படி இல்லை. "எனக்க பிள்ள அவர கண்டதே இல்லக்கா. சத்தமாவது கேக்கண்டாமா?"

கார் ஹாரன் அடித்தது. லீமா ஓடினாள்.

ஷைஜா டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. ஐஸில் இருந்தது உள்ளே வியர்த்திருக்கும். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு டப்பாவில் மூடிவைத்தாள். வெளியே மழை பெய்தது, ஓய்ந்தது. பேருந்துகள் குளச்சலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் போய்வந்தன. அந்த டப்பாவைக் கடக்கும்போதெல்லாம், தூங்கும் பிள்ளையைக் கடப்பவள்போல மெதுவாக நடந்தாள்.

பிறகு ஓடவிட்டாள். "புண்ணுல முதல்ல கை வைக்கப்பிடாது" என்பது அவள் கணக்கு. நலமாயிருந்த பகுதியை முதலில் எடுத்தாள். ஞானஸ்நானம், கல்யாணம், கோயில் திருவிழா எல்லாம் வந்தன. பருந்து வீடியோ மட்டும் கெட்ட இடத்தின்மேல் படுத்துக் கிடந்தது. லீமாவைப் போனில் கூப்பிட்டாள்.

"தொட்டா டிஸ்க் மொத்தமா செத்துரும் மக்கா. தொடவா?"

"சத்தம் மட்டும் வந்தா போதும்க்கா. தொடுங்க."

கெட்ட இடத்தைப் பின்னாலிருந்து முன்னாக வாசிக்கவைத்தாள். சூடேறினால் ஓய்வு, ஆறினால் இன்னும் ஒரு துளி. திரையில் கட்டம்கட்டமாக ஏதேதோ மிதந்தது. பாதி ஆகாயம், ஒரு சிறகு, கைலி மடித்துக் கட்டிய இடுப்பு. முகம் வரவே இல்லை. டிஸ்க் ஒருமுறை முனகி நின்றது; அப்புறம் சுற்றவில்லை. ஆனால் "ஏலே, போல" என்று பருந்தை ஏசும் குரல் ஒரு சொல் சிதறாமல் கிடைத்திருந்தது. அனுப்பிவைத்தாள்.

லீமாவிடமிருந்து பதிலே இல்லை. முகம் இல்லாத வீடியோ அவளுக்கு நோவு ஆகிவிட்டதோ என்று ஷைஜா பலநாள் நினைத்தாள். ஓணம் போயிற்று. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களைக் கடைக்காரர்கள் கழற்றிவைத்தார்கள்.

வெயில் தொடங்கிய ஒரு மத்தியானம் குவைத்திலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மழலைக் குரல், ஜன்னலில் வந்து உட்கார்ந்த புறாவை விரட்டுகிறது: "ஏலே, போல அங்கோட்டு! ஒனக்க அப்பன் பிடிச்ச மீனால இது?" பின்னால் லீமா சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

ஷைஜா போனைக் கணினியில் செருகி, அந்தச் செய்தியை முதலில் இரண்டு டிஸ்குகளில் படியெடுத்தாள்.