எஞ்சினுக்குக் காற்றடித்தவன்

எங்கள் ஊரில் எதையும் துடைப்பதில்லை, காற்றடிப்போம். நிட்டிங் மெஷினில் பஞ்சு படிந்தால் காற்று, மேசையில் தூசி என்றால் காற்று, வேலை முடிந்து கிளம்பும்போது தலைக்கும் சட்டைக்கும் காற்று. கம்ப்ரசர் இருக்கும் இடத்தில் துடைப்பத்துக்கு என்ன மரியாதை? திருப்பூரில் எட்டு மெஷின் ஓடும் சின்ன யூனிட் ஒன்று எனக்குச் சொந்தம் என்பதால், அந்தக் காற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கர்வம் உண்டு.

சனிக்கிழமை மெஷின்களுக்கு அடித்து முடித்ததும் காரை ஷெட்டுக்குள் கொண்டுவந்து பானெட்டைத் திறப்பேன். பத்து வருடம் ஓடிய பெட்ரோல் கார். கம்ப்ரசர் குழாயின் நுனியில் இருக்கும் ஏர் கன்னை எடுத்துச் சந்து பொந்து விடாமல் அடிப்பேன். ஒரு துளை கண்ணில் பட்டால் அதற்குள்ளும் நுழைத்து அடிப்பேன். பார்க்கிறவர்கள், "புது வண்டியாட்டவே இருக்குதுங்க" என்பார்கள். எனக்கு அது போதும்.

ஆனால் அந்தக் காரை அதிகம் ஓட்டியது என் மனைவி. அவிநாசியில் இருக்கும் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் முடங்கிவிட்டன. வாரம் மூன்று நாள் திருப்பூருக்கு அழைத்துவந்து பிசியோதெரபி செய்ய வேண்டும். எனக்கு நேரமில்லை. ஷிப்மெண்ட் அவசரம் என்று சொன்னால் எங்கள் ஊர் ஆண்கள் எந்த வேலையிலிருந்தும் தப்பித்துவிடலாம். ஆகவே அவளே நாற்பத்திரண்டு வயதில் டிரைவிங் பழகி, லைசென்ஸ் வாங்கி, அத்தையை அழைத்துப் போய் வந்தாள். நான்கு மாதத்தில் அத்தையின் விரல்கள் ஒரு டம்ளரைப் பிடிக்கும் அளவுக்கு வந்திருந்தன.

அப்போதுதான் வண்டி உதற ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும். ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினால் அடங்கும், காலை எடுத்தால் அணைந்துவிடும். நான் ஓட்டும்போது அணைந்தால் வண்டியில் கோளாறு. அவள் ஓட்டும்போது அணைந்தால் ஓட்டுகிறவளிடம் கோளாறு. இவ்வளவு தெளிவாக எந்த மெக்கானிக்கும் கோளாறு கண்டுபிடித்ததில்லை.

ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். ஒரே சிக்னலில் இரண்டு முறை அணைந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. பின் சீட்டில் அத்தை இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல், "கிளட்ச்சு எது, பிரேக்கு எதுன்னு தெரியாம எதுக்கு அம்மிணி வண்டி எடுக்கற?" என்று கத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சாவியை ஆணியில் மாட்டினாள். "இனி நாங்க பஸ்ஸுல போய்க்கறமுங்க" என்றாள். ரோஷம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ரோஷத்தைப் பற்றியும் நான் நிபுணன்தான்.

இரண்டாவது வாரம் அத்தை பஸ் படியில் கால் தவறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். "எனக்கு வைத்தியம் போதுங் கண்ணு, உடு" என்று மகளிடம் சொல்லிவிட்டார். பிசியோதெரபி நின்றுபோனது. காரை எடுக்கச் சொல்லி நான் கெஞ்சியும் அவள் ஆணிப் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு வண்டியைச் சரி செய்ய நேரம் கிடைத்தது. முதல் மெக்கானிக் ஸ்பார்க் பிளக் போய்விட்டது என்றார். மாற்றினோம், உதறியது. இரண்டாமவர் இன்ஜெக்டரில் அடைப்பு என்றார். கழுவினோம், சுத்தமாக உதறியது. பக்கத்து யூனிட் நண்பர் பெட்ரோலைக் குறை சொன்னார். பங்க்கை மாற்றினேன். வண்டி எந்தப் பாகுபாடும் பார்க்காமல் உதறியது.

கடைசியில் அவிநாசி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தார்.

"சத்தம் கேக்கா அண்ணாச்சி?"

கேட்டேன். உஸ்ஸென்று காற்று கசிகிற சத்தம். என் யூனிட்டில் கம்ப்ரசர் லைனில் இந்தச் சத்தம் வந்தால் சோப்புத் தண்ணீரோடு ஓடி, குமிழி வரும் இடத்தை நிமிஷத்தில் கண்டுபிடிப்பவன் நான். சொந்தக் காரில் மாதக் கணக்கில் கேட்கவில்லை. பெண்டாட்டியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தால் காது எப்படி வேலை செய்யும்?

எஞ்சினுக்குப் பின்பக்கம் ஒரு ரப்பர் ஹோஸ் நுனி பிளந்து, தன் இடத்திலிருந்து கழன்று தொங்கியது. அது மாட்டியிருந்த துளையை அவர் விரலால் அடைத்தார். நடுக்கம் அந்த நொடியே நின்றது.

"இந்த வழியா கணக்கில்லாம காத்து உள்ள போவுது. பெறவு வண்டி நிக்கையில எஞ்சின் எப்படி சீரா ஓடும்?" என்றவர், பளபளவென்றிருந்த எஞ்சினை ஒரு சுற்றுப் பார்த்தார். "இது தானா கழண்டது இல்ல. யாரோ ஏர் கன்ன வச்சு மூர்க்கமா அடிச்சிருக்காவ. வண்டிய யாரு கழுவுதா?"

தெரியாது என்றும் வைத்துக்கொள்ளலாம், வேறு யாரோ என்றும் வைத்துக்கொள்ளலாம், அப்படித் தலையாட்டினேன். அவர் பிளந்த நுனியை வெட்டி, மறுபடி மாட்டி, ஒரு கிளிப் போட்டார். பத்து நிமிஷ வேலை.

வீட்டுக்கு வந்து, "வண்டி சரியாயிருச்சு அம்மிணி. ஒரு ஹோஸ் காத்துல கழண்டிருந்துச்சாம்" என்றேன்.

"எந்தக் காத்துலீங்க?"

"கம்ப்ரசர் காத்துதான்."

"ஏனுங்க, கம்ப்ரசர் தானா நடந்து வந்து காருக்கு அடிச்சுதுங்களா?"

"நாந்தான் அடிச்சேன்" என்றேன். அந்த ஒற்றை வரிக்கு வர எனக்கு இத்தனை சுற்று வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் சாவியை எடுத்தாள், அத்தைக்காக. ஒரு மாதம் விட்டதில் அத்தையின் விரல்கள் மறுபடி மடங்கிவிட்டன. முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். நானும் கூடப் போனேன். ஷிப்மெண்ட் அவசரம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

சிக்னலில் நின்றோம். எஞ்சினில் நடுக்கமே இல்லை. ஆனாலும் அவள் ஆக்சிலரேட்டரை அழுத்தி எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"கால எடு அம்மிணி. இனி வண்டி அணையாது" என்றேன்.

"அது தெரியுமுங்க" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே. "வண்டிக்குப் பயந்துட்டு இல்லீங்க, உங்க வாய்க்குப் பயந்துட்டுத்தான் காலு வர மாட்டீங்குது."