மூன்றாவது ஆள்

எங்கள் கோவிலில் இன்றைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் நற்கருணை நடக்கிறது. அதற்கு நான்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். முகத்துக்கு முன்னால் அது பாராட்டு. முதுகுக்குப் பின்னால் அதுவே "அந்த மனுசியின்ரை பிடிவாதம்". இரண்டிலும் அரைவாசிதான் உண்மை. மற்ற அரைவாசியை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கோப்பாய்க்கு அப்பால், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் சிறிய அங்கிலிக்கன் கோவில். சுற்றிவர எல்லாம் சைவக் குடும்பங்கள். நான் சிறுமியாக இருந்தபோது வாங்குகளில் இடம் கிடைக்காமல் ஆட்கள் வாசலில் நின்று பாடியதைப் பார்த்திருக்கிறேன். பிறகு சண்டை வந்தது, இடப்பெயர்வு வந்தது, கனடா வந்தது. இப்போது ஆயர் தலையில் கைவைத்துச் சபையில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தலைப் பெற்று நற்கருணை வாங்கக்கூடியவர்களில், எழுந்து நடமாடக்கூடியவர்கள் ஐந்து பேர். நான், ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் பிள்ளை, ஒரு வாத்தியார், அவருடைய மனைவி. ஆறாவதாக ஒருவர் ஊருக்குள்ளேயே இருந்தார். அவரை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் என் அண்ணை.

எங்கள் திருநாட்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அங்கே இலை உதிரும் காலத்தில் அறுவடை முடித்து நன்றி செலுத்துவார்களாம். அதனால் நாங்களும் ஐப்பசியில் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறோம். இங்கே அப்போதுதான் மழை விழுந்து வயலில் நெல் முளை காட்டும். அறுக்கத் தை வரவேண்டும். விதைத்த கையோடு அறுத்ததற்கு நன்றி சொல்லும் சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். முன்கூட்டியே நன்றி சொல்லிவைத்தால் கடவுளுக்குத் தராமல் விட வெட்கமாக இருக்கும் என்பது தபால்காரர் ஐயாவின் விளக்கம். பக்கத்துத் தோட்டக்காரர்கள், சைவர்கள்தான், வாழைக்குலையும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். அன்றைக்கு மட்டும் கோவில் நிறையும்.

அந்த வருடம் பண்டிகை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கும்போது குருவானவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் இளவயதுக்காரர். மூன்று கோவில்களுக்கு ஒரே ஆளாக ஓடித் திரிகிறவர். சாதாரண ஞாயிறுகளில் இங்கே சனம் இல்லையே என்று தொடங்கினார். குருவானவரைத் தவிர ஆகக்குறைந்தது மூன்று பேராவது நற்கருணை வாங்க இருக்கவேண்டும் என்பது எங்கள் பழைய விதி. மற்றக் கோவில்களில் இந்த விதி யாருக்கும் ஞாபகமே இருக்காது, தேவைப்பட்டதில்லை. எங்களுக்கு அது கழுத்துக்கு மேல் தொங்கியது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்தைய நான்கு கிழமைகளான திருவருகைக் காலம் தொடங்கும்வரை பார்ப்போம், அதற்குள் ஒரு ஞாயிறு மூன்று பேர் சேராமல் போனாலும் வழிபாட்டை மாதத்துக்கு ஒன்றாக மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று பணிவாகத்தான் சொன்னார்.

மாதத்துக்கு ஒன்று என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு கோவில்களை அப்படிப் பார்த்திருக்கிறேன். மாதத்துக்கு ஒன்று, பிறகு நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும், பிறகு பூட்டு. பூட்டின பிறகு வௌவால்தான் சபை. நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள். மூன்று என்பது பெரிய எண் இல்லை. ஒரு ஞாயிறும் தவறாது என்று குருவானவரிடம் சொன்னேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அன்று முதல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு சனியும் பின்னேரம் ஐந்து பேருக்கும் தொலைபேசி எடுத்தேன். தாதிப் பிள்ளையின் வேலை முறைகளை என் சமையலறைக் கலண்டரில் எழுதி வைத்தேன். தபால்காரர் ஐயாவுக்கு முழங்கால் வருத்தம், அவரை ஏற்றிவர ஓட்டோ ஒழுங்கு செய்தேன். வாத்தியாரின் மனைவி தலையிடி என்று சொன்ன ஞாயிறு, குளிசையோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த மனுசி குளிசையையும் போட்டு, என்னை முறைத்துக்கொண்டே வந்து முழங்காலில் நின்றார். ஒரு கிழமை நால்வர், ஒரு கிழமை மூவர். இப்படியே கார்த்திகை பாதி தாண்டியது.

அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போகமுடியாது.

ஆறு வருடங்களுக்கு முன்னர் இதே கார்த்திகை மழையில்தான் எங்கள் அம்மா இறந்தார். அப்பாவைக் கோவில் வளவில் அடக்கம் செய்திருந்தோம். பக்கத்தில்தான் தனக்கு இடம் என்று அம்மா பல தடவை சொல்லியிருந்தார். குழி வெட்டினார்கள். எங்கள் நிலம் அப்படி, மாரியில் மூன்றடி தோண்டினாலே நீர் ஊறும். இறைக்க இறைக்கத் தண்ணீர் வந்தது. நான் வாளியோடு நின்று இறைப்போம், இன்னும் இறைப்போம் என்றேன். பெட்டியைத் தண்ணீருக்குள் இறக்கினால் மிதக்கும், அம்மாவை அப்படிப் பார்க்கத் தன்னால் முடியாது என்றார் அண்ணை. என்னைக் கேட்காமலே குருவானவரிடம் பேசி, பட்டணத்தில் மேடான சேமக்காலையில் அடக்கம் செய்ய ஒழுங்கு பண்ணிவிட்டார். பெட்டியை வாகனத்தில் ஏற்றும்போது, அத்தனை சனத்துக்கு முன்னால் நான் சொன்னேன்: "அம்மாவை அப்பாவிட்டையிருந்து பிரிச்சவன் எனக்கு அண்ணை இல்லை."

அதன் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. அவருடைய வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில். அவர் எங்கள் கோவிலுக்கு வருவதை விட்டு, ஞாயிறுதோறும் காலை பஸ் ஏறிப் பட்டணத்துக் கோவிலுக்குப் போனார். பெரிய கோவில், பெரிய சனம், அங்கேதான் இவருக்கு மதிப்பு என்று நான் ஆட்களிடம் சொல்லித் திரிந்தேன். சகல ஆத்துமாக்கள் நாளில் அம்மாவின் கல்லறைக்கு நான் மத்தியானம் போவேன். காலையில் அவர் கொளுத்திய மெழுகுதிரி பாதி உருகி நிற்கும். அதைத் தொடாமல் மறுபக்கத்தில் என்னுடையதைக் கொளுத்திவிட்டு வருவேன்.

திருவருகைக்கு முந்தைய கடைசி ஞாயிறு. வாத்தியாரும் மனைவியும் மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அதைத் தடுக்க என்னாலும் முடியவில்லை. தாதிப் பிள்ளையை நம்பியிருந்தேன். சனி இரவு தாழமுக்கம் புயலாகக் கரையைக் கடந்தது. விடிய அவள் அழைத்தாள். மரங்கள் விழுந்து வழி அடைபட்டதால் மாற்று ஆட்கள் வரவில்லை, தன்னை ஆஸ்பத்திரியிலிருந்து விடமாட்டார்கள் என்றாள். அழுகிற குரலில் சொன்னாள். நான் ஆறுதல் சொல்லவில்லை, சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவளிடம் அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

ஏழரைக்குக் கோவிலில் நானும் தபால்காரர் ஐயாவும்தான். ஓட்டோக்காரப் பெடியன் முழங்கால் வெள்ளத்தில் அவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். குருவானவர் நனைந்த அங்கியோடு வந்தார். கூரையில் இரண்டு ஓடு பறந்து, பீடத்துக்குப் பக்கத்தில் வாளி வைத்திருந்தேன். அவர் எங்களைப் பார்த்தார். எட்டரை வரை காத்திருக்கிறேன், அதற்கு மேல் மற்றக் கோவிலுக்குப் போகவேண்டும், இன்றைக்கு வேண்டுமென்றால் காலை ஜெபம் மட்டும் சொல்லி முடிப்போம் என்றார். தபால்காரர் ஐயா தன் தடியைப் பார்த்துக்கொண்டு, பஸ் ஓடவில்லை, ஆகையால் உன் தமையன் வீட்டில்தான் இருப்பான் என்றார்.

நான் ஸ்கூட்டியை எடுத்தேன். இது சமாதானம் பேசப் போவதில்லை என்று வழி முழுவதும் எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்கு ஓர் ஆள் தேவை. அவர் திடப்படுத்தல் பெற்றவர். கணக்குக்கு அது போதும்.

அண்ணை விறாந்தையில் கதிரை போட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக நரைத்துப்போயிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்திருப்பார். ஆறு வருடத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை நலம் விசாரிப்பதாக இருக்கவில்லை.

"கோவிலிலை ரெண்டு பேர்தான் நிக்கிறம். மூண்டாவது ஆள் வேணும். எட்டரைக்கு முதல் வாங்கோ."

அவர் கதிரையைச் சுவரோரம் தள்ளி வைத்தார். பிறகு, நான் வந்தாலும் உன்ரை கணக்கு வராது என்றார். ஏன் என்று கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன்.

"நான் வாங்கிறேல்லை. அம்மாவை அடக்கம் செய்த நாளிலையிருந்து நற்கருணை வாங்கேல்லை. கூடப்பிறந்தவளோடை மனத்தாங்கலை வைச்சுக்கொண்டு எப்பிடி அங்கை போய்க் கை நீட்டிறது? ஞாயிறு ஞாயிறு போய்ப் பின் வாங்கிலை இருந்திட்டு வாறன். அவ்வளவுதான்."

குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. பஸ் ஓடவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் என்னை அடித்தது. சகோதரனோடு குறை இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகு, பிறகு வந்து காணிக்கை செலுத்து என்று எங்கள் இருவருக்கும் ஒரே அம்மாதான் சொல்லித் தந்தார். மூன்று பேர் வேண்டும் என்ற விதியை நான் ஊர் முழுக்கக் காவிக்கொண்டு திரிந்தேன். ஒப்புரவாகு என்ற இந்த விதி என் நினைவுக்கே வரவில்லை. ஆறு வருடமும் ஒரு ஞாயிறு தவறாமல், முதல் ஆளாய்ப் போய், முதல் ஆளாய் வாங்கியிருக்கிறேன்.

நேரத்தைப் பார்த்தேன். எட்டு ஐந்து. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் சொல்லவேண்டும். மன்னிப்புக் கேட்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை. ஆனால் எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவதும் எனக்குப் பழக்கமில்லை.

"அண்ணை, அண்டைக்கு நான் சொன்னது பிழை. எல்லாருக்கும் முன்னாலை சொன்னது அதைவிடப் பிழை. குழியிலை தண்ணி ஊறினதுக்கு நீங்கள் என்ன செய்வியள்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்காமல் செய்தது தன் பிழைதான் என்றார். கேட்டால் நான் விட்டிருக்கமாட்டேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். பிறகு உள்ளே போய் வெள்ளைச் சேட்டு மாற்றிக்கொண்டு வந்தார். கரன்ட் இல்லாததால் சேட்டு கசங்கியிருந்தது, அதற்கு என்னிடம் வருத்தம் தெரிவித்தார். பின்னால் ஏறி இருந்து குடையை என் தலைக்குப் பிடித்தார். ஒழுங்கை திரும்பமுன்னரே குடை காற்றில் மறுபக்கம் புரண்டுவிட்டது. இருவரும் தெப்பமாக நனைந்துதான் போய்ச் சேர்ந்தோம்.

குருவானவர் புத்தகத்தை மூடிக்கொண்டு நின்றார். அண்ணையைக் கண்டதும் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்ப விரித்தார். தபால்காரர் ஐயா வாங்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

வழிபாட்டின் நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் இடம் வரும். சனம் நிறைந்த கோவிலில் பிடிக்காதவரைத் தவிர்த்துவிட்டு மற்றவர்களுக்குக் கை கொடுத்து முடிக்கலாம். மூன்று பேருக்குள் அது முடியாது. அண்ணையின் கையைப் பிடித்தேன். குளிரில் விறைத்திருந்தது. இருவரும் சொல்லவேண்டிய வார்த்தையைச் சரியாகச் சொல்லவில்லை. தபால்காரர் ஐயாதான் எங்கள் இரண்டு கைகளுக்கும் மேல் தன் கையை வைத்து, எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லி முடித்தார்.

பீடத்தின் முன்னால் மூவரும் முழங்காலில் நின்றோம். முதலில் தபால்காரர் ஐயா. அடுத்தது அண்ணை. அவர் கையில் அப்பத்தை வைத்ததும் உடனே வாயில் போடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. குருவானவர் அவரை அவசரப்படுத்தவில்லை. பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

கை வரவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை வருடம் என்ன துணிவில் வாங்கினேன் என்று தெரியவில்லை. நான் வாங்காவிட்டால் இரண்டு பேர்தான், இவ்வளவு பாடுபட்டதும் வீண் என்று தெரிந்தும், கை மடியிலேயே கிடந்தது. குருவானவர் அப்பத்தோடு காத்து நின்றார். பக்கத்திலிருந்து அண்ணை என் முழங்கையைத் தொட்டார்.

"நீட்டு பிள்ளை," என்றார்.

நீட்டினேன்.