திருநாளில் அடித்த சாவு மணி

புதுக்கோட்டை மகாராஜா சீமையாக இருந்த காலம். குளத்தூர்ப் பக்கம் எங்கள் மாதா கோயிலில் மணியடிப்பது என் வேலை. கோயிலுக்கு இருநூறு வருஷம் நிறைந்த திருநாள் காலையில், கலகலவென்று அடிக்க வேண்டிய மணியை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி அடித்துவிட்டேன். அது சாவு மணி. அப்போதுதான் ஊரில் வாந்திபேதி அடங்கியிருந்தது. இரண்டு மாதமாக என் கைக்கு அந்த மணிதான் பழக்கம்.

பேதி கண்ட வீடுகளுக்கெல்லாம், சாதி மதம் பாராமல், போய்வந்தவர் எங்கள் கிழச் சாமியார். அவரையும் பேதி கொண்டுபோய்விட்டது என்று நினைத்து, மாதாவைக் கும்பிடாத குடியானவர்கள்கூட வயல் சேற்றுக் காலோடு ஓடி வந்தார்கள்.

"நம்ம சாமியாருக்கு என்னய்யா ஆச்சு?" என்று ஒருவர் என்னைப் பிடித்து உலுக்கினார்.

சாமியாரே வாசலுக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் செத்தா யார் யாரு வருவீங்கன்னு பாத்துக்கிட்டேன். வந்தது வந்துட்டீங்க, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

நாலு வருஷம் கழித்து அவர் நிசமாகவே கண்ணை மூடினார். அன்று சரியாகத்தான் அடித்தேன். "இந்த ஆளு இன்னைக்கும் தப்பா அடிக்கிறான் பாரு" என்று சிரித்துக்கொண்டே வந்தவர்கள், என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுதார்கள்.

செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி எத்தனையோ பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். அந்தத் திருநாள் தப்பை மட்டும் பாவமென்று இன்றுவரை சொன்னதில்லை.