கீழக்கரைக்குப் போன ரஷ்யப் பாடகர்

போன மாதம் ஒரு காலையில் ஜமால் பாய் மூச்சிரைக்க என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“சார்... ஒங்க ரஷ்யாக்காரரு கீழக்கரைக்குப் போயிட்டாரு!”

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் என் ஃபிளாட்டுக்குக் கீழேதான் அவருடைய துணிக்கடை; சொந்த ஊர் கீழக்கரை. ரஷ்யாக்காரர் என்றது என் கேசட்டை. ஆபீஸ் வெள்ளைக்காரர் ஒருவரிடம் இசைத்தட்டை இரவல் வாங்கி, ஆசையாகப் பதிந்து வைத்த ஓபரா பாடகர்.

ஓபரா என்கிற மேல்நாட்டு இசை நாடகத்தில் அநேகமாக வசனமே கிடையாது, பேச்செல்லாம் பாட்டுதான். இவருடையது பாரிடோன் குரல் — உச்சத்துக்கும் அடித்தொண்டைக்கும் நடுவே, நல்ல கனம். தட்டின் உறையில் அவர் கதையைப் போட்டிருந்தார்கள். தொழிற்சாலைப் பாட்டுக் கோஷ்டியில் ஆரம்பம். சின்ன ஊர் அரங்கில் பல வருஷம் துண்டு துக்கடா வேஷங்கள். அப்புறம்தான் தலைநகரத்துப் பெரிய மேடை!

அங்கே போயும் மனிதர் கத்தவில்லை. மகளைப் பிரிகிற தகப்பனாகப் பாடும்போது, மற்றவர்கள் முழங்குகிற இடத்தில் இவர் குரலைத் தாழ்த்திவிடுவார். அதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பார் பாருங்கள்... பாஷை தெரியாத எனக்கே கண் கலங்கிவிடும்.

“இவரு பாடல சார், யார்ட்டயோ பேசுறாரு” என்று சொல்லித்தான் ஜமால் பாய் கேசட்டை வாங்கிப் போனார்.

அவருக்குப் பேச்சுதான் பிரச்னை. இங்கே நாங்கள் பாதிப் பேர் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, லீவில் போகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறோம். கடையில் வாய் ஓயாத ஜமால் பாய், ரெக்கார்ட் பட்டனை அமுக்கினால் மட்டும் வேறு ஆள். “சேலை வந்துச்சா? கரண்ட் பில் கட்டியாச்சா?” — அவ்வளவுதான். பிறந்து ஏழு மாதமான மகளை அவர் இன்னும் பார்க்கவில்லை. அவளைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை வராது.

மனைவி போன கேசட்டில் சொல்லிவிட்டார்: “கடைக்கு ஆர்டர் குடுக்குற மாதிரியே பேசுறீங்க. இப்படின்னா இனிமே கேசட்டே வேணாம்.”

பாவம், ஆடிப்போய்விட்டார். காலி கேசட் என்று நினைத்து என்னுடையதில் பேச ஆரம்பித்திருக்கிறார். “அஸ்ஸலாமு அலைக்கும்... புள்ள எப்படி இருக்கு?” அதற்கு மேல் பேச வரவில்லை. நிறுத்திவிட்டு, வேறு கேசட்டில் வழக்கமான சேலை, கரண்ட் பில் சமாசாரங்களைப் பேசி முடித்திருக்கிறார். ஊருக்குப் போகிறவரிடம், அவசரத்தில், முதல் கேசட்டைக் கொடுத்துவிட்டார்!

“ரெண்டு வார்த்தை, அப்புறம் ரஷ்யாக்காரன் பாட்டு. நான் வெளயாடுறேன்னுல்ல நெனப்பா? இனிமே எங்கூட பேசுவாளா சார்?”

எனக்கே கவலையாகத்தான் இருந்தது.

இந்த வெள்ளிக்கிழமை பதில் கேசட் வந்தது. கடையில் அவர் அதைப் போட்டபோது நான் எழுந்து போகப் பார்த்தேன். “இருங்க சார், தனியா கேக்க பயமா இருக்கு” என்று கையைப் பிடித்துக்கொண்டார். (அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

முதலில் குழந்தையின் மழலை. பிறகு அந்த அம்மாவின் குரல்.

“பாட்டுக்காரர் நல்லாத்தான் பாடுறாரு. ஆனா அதுக்கு முன்னாடி, புள்ளயப் பத்திக் கேட்டுட்டு, பேச வராம மூச்சு மட்டும் விட்டீங்களே... அதத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்குறேன்.”

ஜமால் பாய் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ரஷ்யாக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்!