மன்னிப்புக் கேட்கப் படித்தவர்

கண்டியில் பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் வேதமுத்து படித்த முதல் பாடம், காரணம் சொன்னால் அடி இரட்டிப்பு என்பது. "மழைங்க, ஆறு பெருகிடுச்சு" என்று வாயைத் திறந்தவன் முதுகில் பிரம்பு முறிந்தது. "மன்னிக்கணும் துரை" என்று இங்கிலீஷில் முனகியவனுக்கு ஒழுக்கப் பரிசு. வருஷா வருஷம் அது வேதமுத்துவுக்கே.

பிறகு ஒரு வக்கீலிடம் சட்டம் படிக்கப் போனார். எதிர்வாதம் பண்ணச் சொன்னால் மன்னிப்புக் கேட்டார். "உனக்கு வாதாட வராது, சாட்சி சொல்றதை மொழிபெயர்க்கிற துபாஷியாகப் போ" என்று நீதிமன்றத்துக்குத் தள்ளிவிட்டார் வக்கீல்.

அங்கே ஒரு நாள் கூண்டில் கூலிக்காரி பாப்பம்மா. கலஹாப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தைத் தோட்டத் துரையின் அனுமதியில்லாமல் விட்டு வந்த குற்றம். ஏன் என்றார் நீதிபதி.

"புள்ளைக்கு வயித்தால போச்சுங்க. பழம் பறிச்சு முடிச்சிட்டுப் போன்னாரு துரை. அதுவரைக்கும் புள்ள தாங்குமா? தூக்கிக்கிட்டு ஆசுபத்திரிக்கு நடந்தேன். இதுல என்னங்க குத்தம்?"

பிரம்பு பழக்கிய நாக்கு முந்திக்கொண்டது. "மன்னிப்புக் கேட்கிறாள் துரை" என்றார் வேதமுத்து, இங்கிலீஷில். குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று எழுதி, ஒரு மாதச் சிறை கொடுத்தார் நீதிபதி.

"அம்புட்டு பேசுனேனே, ஒத்த வரியில முடிச்சுப்புட்டீங்களே ஐயா! நான் உள்ள போனா என் புள்ளைக்கு யாரு?"

வேதமுத்துவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பிரம்பு இப்போது இவள் முதுகிலா? திரும்பி நின்று, அவள் சொன்னதை வயிற்றுப்போக்கு உட்பட ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் கத்தினார்.

"குறுக்கே பேசியதற்கு மன்னிப்புக் கேள்" என்றார் நீதிபதி.

"மாட்டேன்."

நீதிபதி தீர்ப்பை மாற்றவில்லை, துபாஷியை மாற்றினார். புதியவரும் அதே பள்ளிக்கூடம்தான். ஒழுக்கப் பரிசு வாங்கியவராம்.