ஒரே மூச்சில் ஒட்டியவர்

காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் அவருக்குக் 'கறுப்புத் திரை' என்று பெயர். நெட்வொர்க் பொறுப்பாளர். கிளைகளின் கணினிகளை இணைக்கும் ரூட்டரோ ஸ்விட்சோ, கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் வேலை வாங்குவார். மவுஸ் பிடிப்பவர்களை, இன்னும் பால்குடி மறக்காதவர்கள் என்பதுபோல் பார்ப்பார்.

புதிதாக வந்த மேலாளரிடம் இந்தப் பார்வை செல்லுபடியாகவில்லை. படத்தைப் பார்த்து க்ளிக் செய்தால் போதும் என்ற மென்பொருள் ஒன்றை வாங்க இருந்தார். அது வந்துவிட்டால் கறுப்புத் திரையைக் கிடங்குக் கணக்குக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

"நீங்க க்ளிக் பண்ற நேரத்துல நான் பத்து ரூட்டரைப் பார்த்துடுவேன் சார். பக்கத்துல உக்காந்து பாருங்க."

மேலாளர் உட்கார்ந்தார். நகரின் மறுகோடியில் இருந்த கிளையின் ரூட்டருக்குள் கறுப்புத் திரை இங்கிருந்தே நுழைந்தார். சும்மா கிடக்கும் ஓர் இணைப்பை மூடிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். வரிவரியாகத் தட்டுவது கற்றுக்குட்டிகளின் வேலை. அவர் கட்டளைகளை முன்பே எழுதிவைத்து, மொத்தமாக ஒரே மூச்சில் ஒட்டுவார். கடைசி வரி எப்போதும் 'சேமி'.

ஒட்டினார். திரை உறைந்தது.

அவர் மூடச் சொன்ன இணைப்பின் எண் தலைமை அலுவலகத்து ரூட்டரில்தான் சும்மா கிடந்தது. கிளையில் அதே எண்தான் அவர் உள்ளே போன பாதை; கிளைக்கு இருந்த ஒரே பாதையும் அதுதான்.

"என்னய்யா ஆச்சு?"

"லைன் போயிடுச்சு சார். இந்த லைன் கம்பெனிக்காரங்களே இப்படித்தான்."

வராந்தாவுக்கு ஓடி, அந்தக் கிளையில் காசாளராக இருந்த தங்கை கணவரை போனில் பிடித்தார்.

"மாப்ள, ரூட்டரை ஒரு தடவ அணைச்சுப் போடுங்க. சேமிக்காததால நான் கடைசியா சொன்னது அதுக்கு மறந்துடும்."

சற்று நேரத்தில் பதில் வந்தது. "போட்டாச்சு மச்சான். ஒண்ணும் மறக்கலையே! கூட்டம் இங்க என்னைப் பிச்சுத் திங்குது."

பாதை அறுபடும் முன்பே எல்லா வரிகளும் போய்ச் சேர்ந்திருந்தன. ரூட்டர் நல்ல பிள்ளையாகக் கடைசி வரிவரை கேட்டு, தவறைப் பத்திரமாகச் சேமித்துவைத்திருந்தது.

"ஐயோ, நானே சேமிச்சுத் தொலைச்சிருக்கேன்!"

"அப்ப இது உங்க கைங்கரியமா?"

"மெதுவாப் பேசுங்க மாப்ள!"

கேபிளும் மடிக்கணினியுமாகக் கிளைக்குப் பறந்தார். ரூட்டரில் நேராகச் செருகி உட்கார்ந்தார். மூடியதைத் திறக்க இரண்டு வரி போதும். சுற்றி நின்றவர்களுக்காகத் திரை நிறையத் தட்டினார். கணினிகள் உயிர்பெற்றதும் கைதட்டல் எழுந்தது. தகவல் கேட்டுப் பதறி ஓடிவந்து காப்பாற்றினார் என்று கிளை மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் பாராட்டு மின்னஞ்சல் அனுப்பினார்.

மறுநாள் மென்பொருள் யோசனை கைவிடப்பட்டது. "மென்பொருள் இப்படி வேர்க்க விறுவிறுக்க ஓடுமாய்யா?" என்றார் மேலாளர். பொறுப்பாளர் என்பதன் முன்னால் 'முதுநிலை' என்று ஒரு சொல்லும் சேர்ந்தது.

அந்த ஞாயிறு தங்கை வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை தானே பரிமாறினார்.

"மச்சான், தலைமை ஆபீஸ்ல இப்ப உங்க பேச்சு எடுபடுதாமே. என் ப்ரமோஷன் ஃபைல் அங்க ரொம்ப நாளாத் தூங்குது."

கறுப்புத் திரை எடுத்த கவளத்தை இலையிலேயே திரும்ப வைத்தார். "சொல்லிப் பாக்கறேன் மாப்ள."

"பாக்கறதெல்லாம் வேணாம் மச்சான், சொல்லிடுங்க," என்று மாப்பிள்ளை தண்ணீர்க் குவளையை அன்போடு நகர்த்தி வைத்தார்.